தூக்குவது வேறு, தாங்குவது வேறு

டிரைவர் அண்ணன்மார்களே, கிளீனர் தம்பிகளே, நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைக்காரர்களே,

சாலையோரம் நிற்கும் லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால், இன்றும் என் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன். அந்தக் கால்களுக்கு உரியவர் யார் என்று நான் பார்ப்பதில்லை. குனிந்து, அவருக்குப் பக்கத்தில் ஆக்ஸிலைத் தாங்கி நிற்பது என்ன என்றுதான் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரே ஒரு ஜாக்கிதான் இருக்கும். ஜாக்கிக்கு அடியில் ஒரு உடைந்த செங்கல் இருக்கும். ஜாக்கித் தலைக்கு மேலே உயரம் பத்தாமல் செருகிய ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அதற்கு மேலே பல டன் சிமென்டு.

"தம்பி, ஒரு கட்டை வெச்சுக்கப்பா" என்பேன். "ரெண்டு நிமிஷ வேலைங்க" என்று பதில் வரும். சில இடங்களில், "பெருசு, கெளம்பு" என்றும் வரும். ஒவ்வொருவரிடமும் நின்று பேசிக்கொண்டிருக்க இப்போது எனக்கு வயதில்லை. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

சங்ககிரியில் முப்பது வருடங்களுக்கு மேல் லாரிப் பட்டறை வைத்திருந்தவன் நான். இந்தப் பக்கம் லாரி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் வீட்டுக்கு ஒருவராவது ஸ்டியரிங் பிடித்தவராகவோ ஸ்பேனர் பிடித்தவராகவோ இருப்பார். நானும் ஆயிரக்கணக்கான தடவை லாரிக்கு அடியில் படுத்தவன். ஜாக்கி கெட்ட சாமான் என்று சொல்ல நான் வரவில்லை. அது நல்ல சாமான். ஆனால் அதனிடம் நாம் கேட்கிற வேலை அதனுடைய வேலை இல்லை. தூக்குவது வேறு, தாங்குவது வேறு. ஜாக்கி தூக்கும். தாங்க வேண்டியது வேறொன்று.

ஏன் என்று கேட்பீர்கள். உங்களில் பலர் ஜாக்கியைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதன் வயிற்றில் இரண்டு சிலிண்டர்கள். ஒன்று சின்னது, நீங்கள் கைப்பிடியால் அடிக்கிற பம்ப். இன்னொன்று பெரியது, வண்டியைத் தூக்குகிற தண்டு அதற்குள் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஆயில். ஆயிலை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாத் திசைக்கும் குறையாமல் போகும் என்று பாஸ்கல் என்பவர் சொன்னதை என் மகள் பள்ளிப் பாடமாக உரக்கப் படித்தபோதுதான், அத்தனை வருடம் நான் அடித்துக்கொண்டிருந்தது அவருடைய விதியைத்தான் என்று எனக்கே விளங்கியது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பம்ப் குழலின் குறுக்களவு 1 சென்டிமீட்டர், தண்டின் குறுக்களவு 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவில் 16 மடங்கு வித்தியாசம். கைப்பிடியின் நீளம் உங்களுக்கு இன்னொரு 20 மடங்கு கொடுக்கிறது. ஆக மொத்தம் 320 மடங்கு. நீங்கள் 20 கிலோ பலம் கொடுத்து அழுத்தினால் மேலே 6 டன்னுக்கு மேல் எழும்புகிறது. இதற்கு ஜாக்கி உங்களிடம் வாங்கும் கூலி, நீங்கள் கைப்பிடியை ஒரு அடி தூரம் அழுத்தினால் தண்டு ஒரு மில்லிமீட்டர்தான் ஏறும் என்பது. வேர்த்து விறுவிறுத்து அடிக்கிறீர்களே, அதன் ரகசியம் இதுதான்.

இப்போது அந்த 6 டன்னை உள்ளே பிடித்து வைத்திருப்பது யார்? தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல். வழியை அடைத்துக்கொண்டு மிளகு அளவில் ஒரு எஃகுக் குண்டு. அப்புறம் நீங்கள் இறக்குவதற்குத் திருகுகிற அந்த ரிலீஸ் திருகு. அவ்வளவுதான். உள்ளே ஆயிலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 480 கிலோ. உங்கள் டயரில் 110 பவுண்டு காற்று அடைத்தால் அது 8 கிலோவைக்கூடத் தொடாது. டயருக்குள் இருப்பதைப் போல அறுபது மடங்கு அழுத்தத்தை, ஒரு ரப்பர் வளையமும் ஒரு மிளகுக் குண்டும் தடுத்து நிற்கின்றன. குண்டுக்கு அடியில் மணல் துகள் ஒன்று போய் உட்கார்ந்தாலே போதும், வண்டி இறங்கத் தொடங்கும். சில சமயம் நின்று நிதானமாக இறங்கும். சில சமயம் அந்த மரியாதையும் கிடைக்காது.

இதையெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் செய்த ஒரு காரியத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஒரு கத்திரி வெயில் சமயம். வாடிக்கையாக என் பட்டறைக்கு வருகிற லாரி ஒன்று லோடோடு கிளம்ப நின்றது. அவர்களுடைய ஜாக்கி ரிப்பேருக்காக என் மேஜை மேல் பிரித்துக் கிடந்தது. டிரைவர் அவசரப்பட்டார். மூலையில் கிடந்த என் ஜாக்கியை எடுத்துக் கிளீனர் பையன் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது, "கொஞ்சம் எறங்கும் கண்ணு, பாத்துக்க" என்றேன். அந்த நாலு வார்த்தையை இன்று வரை என்னால் விழுங்க முடியவில்லை.

கரூர் தாண்டி இடப்பக்கப் பின் டயரில் உள் டயர் பஞ்சர். உச்சி வெயிலில் தார் இளகிக் கிடந்திருக்கிறது. பையன் ஜாக்கியை வெறும் தார் மேலேயே வைத்துத் தூக்கினான். வெளி டயரையும் உள் டயரையும் கழற்றியாகிவிட்டது. அப்போது ஒரு வீல் நட் கைதவறி உருண்டு பிரேக் டிரம்முக்கு அடியில் போனது. அதை எடுக்கக் கையை நீட்டினான். ஜாக்கியின் அடித்தட்டு ஒரு பக்கம் தாரில் புதைய, தண்டும் கசிந்து இறங்க, டிரம் அவன் வலது கை மேல் வந்து உட்கார்ந்தது.

இதில் கொடுமை அதற்குப் பிறகுதான். திரும்பத் தூக்க வேறு ஜாக்கி இல்லை. இருந்த ஜாக்கி சாய்ந்து கிடந்தது. டிரைவர் நடுரோட்டில் நின்று கையை ஆட்டி, நிற்காமல் போன வண்டிகளுக்குப் பின்னால் ஓடி, கடைசியில் ஒரு லாரி நின்று, அவர்கள் ஜாக்கியை எடுத்து வந்து வைத்துத் தூக்கும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் அவனிடம் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. இன்று அவன் ஒரு எடைமேடையில் உட்கார்ந்து இடது கையால் ரசீது எழுதுகிறான். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் "வாங்கண்ணா, டீ சாப்பிடலாம்" என்கிறான். அந்த டீ எனக்கு இறங்குவதில்லை.

அதனால்தான் "கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பு பதறுகிறது. கொஞ்சம் இறங்கும் ஜாக்கி என்று ஒன்று கிடையாது. வேலை செய்யும் ஜாக்கி உண்டு, வேலை செய்யாத ஜாக்கி உண்டு. நடுவில் எதுவும் இல்லை.

ஆனால் தம்பிகளே, நல்ல ஜாக்கியாக இருந்திருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். நான் உயிரோடிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் நல்ல ஜாக்கி இல்லை, ஒரு கிழட்டு டயர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, சக்கரத்தைக் கழற்றினால் முதல் வேலையாக அதை உருட்டிக்கொண்டு போய் ஆக்ஸிலுக்கு அடியில் படுக்கப்போடச் சொல்வார். மறந்தால் ஸ்பேனர் பறந்து வரும். எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரியும். நூறு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தை யார் அடிக்கடி இழுத்துக்கொண்டிருப்பது? ஒரு நாள் மத்தியானம் நான் அடியில் படுத்துப் பட்டாவுக்கு யூ போல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லாமல் ஆக்ஸில் கீழே வந்தது. வந்து அந்த டயர் மேல் உட்கார்ந்தது. படுத்துக் கிடக்கும் லாரி டயர் அரை முழ உயரத்துக்கு மேல் இருக்கும். அந்த உயரம்தான் தரைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் என் நெஞ்சுக்கு மிஞ்சிய இடம். மேஸ்திரி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "வேல முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து நான் சொல்வது இதுதான். ஜாக்கி எந்த நேரமும் இறங்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். அது இறங்கும்போது வண்டி எதன் மேல் உட்காரும் என்று உங்களையே கேளுங்கள். பதில் "ஸ்டாண்டு மேல்" என்றால் உள்ளே போங்கள். "கட்டை அடுக்கு மேல்", "சக்கரத்தின் மேல்" என்றாலும் சரி. பதில் "என் மேல்" என்றால் வெளியே வாருங்கள்.

அடுத்து மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் சோதித்துவிட்டு, ஜாக்கி நிற்கும் இடத்தை நாம் யாரும் சோதிப்பதில்லை. பாட்டில் ஜாக்கியின் அடித்தட்டு ஒரு சாண் அகலம்கூட இருக்காது. 12 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6 டன் ஏறும்போது தரை மேல் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. டயர் தரையை அழுத்துவதைப் போல ஐந்து மடங்கு. டயர் தாங்கும் இடத்தில் ஜாக்கி தாங்கும் என்பது தப்புக் கணக்கு. மழைக்குப் பிறகு ஓரத்து மண்ணும், மே மாதத் தாரும் அதை ஏற்காது. இதற்கு மருந்து மிகச் சுலபம். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் வேலமரமோ புளியமரமோ ஒரு பலகை. அதன் மேல் ஜாக்கியை நடுவில் வைத்துத் தூக்கினால் அதே 6 டன் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவுக்கும் கீழே குறைந்துவிடுகிறது. டயர் கொடுக்கும் அழுத்தத்தைவிடக் குறைவு. மர அறுவை மில்லில் கழிவாகக் கிடக்கும் துண்டு அந்தப் பையனின் கையைக் காப்பாற்றியிருக்கும்.

செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் ஜல்லி எதுவும் வேண்டாம். செங்கல் வெடிக்கும், வெடிக்கும் முன் சொல்லாது. உயரம் பத்தவில்லை என்றால் ஜாக்கிக்குக் கீழே பலகை போடுங்கள், மேலே எதையும் செருகாதீர்கள். ஜாக்கித் தலைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்புத் துண்டு வைப்பது, எண்ணெய் தடவிய தட்டில் கோலிக்குண்டை நிறுத்துவது மாதிரி. இரும்பு மேல் இரும்பு வழுக்கும். தலையில் இருக்கும் வரிகள் ஆக்ஸிலைப் பிடிப்பதற்காக வெட்டியவை. அந்த வரிகளில் அடைந்திருக்கும் கிரீஸைத் துடைத்துவிட்டு வையுங்கள். டீசல் டேங்க் பக்கத்திலோ, சேஸ் நுனியிலோ, கிரவுன் ஹவுசிங்கின் உருண்டையிலோ வைக்காதீர்கள். பட்டா ஆக்ஸிலில் உட்காரும் இடத்துக்கு அடியில், ஜாக்கி செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். தண்டு கொஞ்சம் சாய்ந்தாலும் சீல் ஒரு பக்கமாகத் தேய்ந்து, பளு பக்கவாட்டில் தள்ளத் தொடங்கும்.

நீங்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு வார்த்தை: "கியர்ல போட்டுட்டேங்க, எங்கயும் போகாது." போகும். பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்ற விட்டுவிடும். கியர் பிடித்திருக்கும், ஆனால் தரையில் நிற்கும் சக்கரம் உருளும். புரொப்பல்லர் ஷாஃப்டில் ஹேண்ட் பிரேக் பிடிக்கும் பழைய வண்டிகளிலும் இதே கதைதான். காற்று பிரேக் வண்டியில் ஸ்பிரிங் பலத்தில் பின் சக்கரங்கள் பிடிபடுகின்றன என்பது உண்மை. ஆனால் நீங்கள் தூக்கியிருப்பதும் பின் சக்கரம். அந்தப் பக்கத்துப் பிடி அந்தரத்தில் தொங்குகிறது. அதனால் ஹேண்ட் பிரேக் போட்ட பிறகும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். கல் போதும் என்று நினைக்காதீர்கள், ஆப்பு மாதிரி சரிவாக வெட்டிய மரக்கட்டை டயரின் வளைவில் உட்கார்ந்துகொள்ளும். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்தில் டயர் போனால், மெதுவாக உருட்டிச் சமதளம் வரை போய்விடுங்கள். டயர் போனால் வேறு டயர் வாங்கலாம்.

வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிடுங்கள். தூக்கிய பிறகு பைப் மாட்டித் தொங்கி இளக்கினால் நீங்கள் ஆட்டுவது நட்டை மட்டுமில்லை, ஜாக்கி மேல் நிற்கும் முழு லாரியையும்தான். கடைசி இறுக்கமும் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான். இறக்கும்போது ரிலீஸ் திருகைக் கால் சுற்று மட்டும், மெதுவாகத் திறவுங்கள். கைப்பிடியை ஜாக்கியிலேயே விட்டுவிட்டு வேலை செய்யாதீர்கள். உங்கள் காலோ, போகிற வருகிற இன்னொருவர் காலோ பட்டால் போதும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-இல் மத்திய அரசு ஆக்ஸில் எடை வரம்பை உயர்த்தியது உங்களுக்குத் தெரியும். நாலு டயர் போட்ட ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. லோடு கூடியதில் சந்தோஷப்பட்டோம். டூல் பெட்டியில் கிடக்கும் ஜாக்கி அதே பழைய ஜாக்கிதான் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? ஒரு பக்கம் தூக்கினால் பாதி எடை, ஆறு டன்னுக்குள் என்பது சமதளத்துக்கான கணக்கு. வண்டி சாய்ந்து நின்றால், லோடு ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால், வரம்புக்கு மேல் ஏற்றியிருந்தால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். வரம்புக்கு மேல் ஏற்றுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. ஏற்றியதை உங்கள் ஜாக்கிக்குச் சொன்னீர்களா என்றுதான் கேட்கிறேன். தூக்கவில்லை என்றால் சில பேர் ஜாக்கியின் சேஃப்டி வால்வு திருகை இறுக்கி ஏமாற்றுகிறார்கள். அது உங்களைக் காப்பாற்றக் கம்பெனியில் அளந்து வைத்த திருகு. அதைத் தொடாதீர்கள்.

ஜாக்கி கேட்பது அதிகமில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி அதையும் கொஞ்சம் கவனித்தால் போதும். வேலை முடிந்ததும் தண்டை முழுதாக இறக்கி, மண்ணைத் துடைத்து, நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். ஏற்றியபடியே பெட்டியில் எறிந்தால் தண்டு துருப்பிடிக்கும். துருவின் பொடிக்குழிகள் ஒவ்வொரு தடவையும் சீலை அரம் போல ராவும். ஜாக்கி கீழே படுத்து உருண்டால் ஆயில் கசிந்து, இருந்த இடத்தில் காற்று புகும். கைப்பிடி பஞ்சு மாதிரி அமுங்கி, தண்டு ஏறாமல் நின்றால் உள்ளே காற்று என்று அர்த்தம். பளு இல்லாமல் ரிலீஸ் திருகைத் திறந்துவிட்டு, பத்துப் பதினைந்து தடவை வேகமாக அடியுங்கள், பிறகு மூடிப் பாருங்கள்.

ஆயில் ஊற்றுவதானால் தண்டு முழுதாக இறங்கியிருக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை, அதற்கு மேல் வேண்டாம். ஏற்றி வைத்தபடி நிரப்பினால் இறங்கும்போது ஆயிலுக்குப் போக இடமிருக்காது. ஜாக்கிக்கு உரிய ஹைட்ராலிக் ஆயில் மட்டும். பிரேக் ஆயிலை ஊற்றியே ஜாக்கியைக் கொன்றவர்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். பிரேக் ஆயில் ஜாக்கியின் ரப்பரை ஊதவைத்துப் பிய்த்துவிடும். அதற்கு ஒத்துப்போகும் ரப்பர் வேறு, ஜாக்கியில் இருக்கும் ரப்பர் வேறு. பழைய இன்ஜின் ஆயில் ஊற்றினால் அதிலுள்ள கரியும் பொடியும் நேராக அந்த மிளகுக் குண்டுக்கு அடியில் போய் உட்காரும். சீல் கசிவதாகத் தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஊசி ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பளுவை இறக்கிவிட்டு, சீல் கிட் வாங்கி மாற்றுங்கள். விலை, ஒரு நடைப் பேட்டாவில் கரைந்துபோகும் விலைதான்.

உங்கள் ஜாக்கி "இறங்கும் ஜாக்கியா" என்று தெரிந்துகொள்ள பட்டறைக்கு வரவேண்டியதில்லை. சமதளத்தில் வண்டியைத் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் விரல்கடை விட்டு ஸ்டாண்டை வைத்துவிடுங்கள். தண்டு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. போய் டீ குடித்துவிட்டு, பீடி பற்றவைப்பவர்கள் அதையும் முடித்துவிட்டு வாருங்கள். கோடு அங்கேயே இருந்தால் ஜாக்கி வேலை செய்கிறது. கோடு உள்ளே போயிருந்தால், எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்காதீர்கள். போயிருக்கிறது, அவ்வளவுதான். அன்றே ரிப்பேருக்குக் கொடுங்கள். அடுத்தவருக்கு இரவல் கொடுக்காதீர்கள்.

டிப்பர் ஓட்டுபவர்களே, இது உங்களுக்கும்தான். தூக்கி நிற்கும் தொட்டிக்கு அடியில் புகுந்து கிரீஸ் வைக்கிறீர்கள். உங்கள் தலைக்கு மேல் நிற்பதும் இதே ஆயில், இதே சீல்தான். முட்டுக்கம்பி போடாமல் உள்ளே போகாதீர்கள். வண்டியை ரோட்டை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். பின்னால் தூரத்தில் முக்கோணம் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டால் 1033-க்கு அடியுங்கள். கேட்பதற்கு வெட்கம் எதற்கு?

எனக்குத் தெரியும், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று. "லோடு லேட்டானா உங்க பேச்சா வந்து பதில் சொல்லும்?" நியாயம்தான். முன்பு வண்டிக்கு ஒரு டிரைவரும் ஒரு கிளீனரும் போனார்கள். இப்போது எத்தனையோ வண்டிகளில் டிரைவர் மட்டும்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தனி ஆளாகத் தூக்கிக் கழற்றி மாட்டுகிற கஷ்டம் எனக்குப் புரியும். ஆனால் தனி ஆள் என்பதால்தான் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அந்தப் பையனுக்கு ரோட்டில் நின்று கை ஆட்ட ஒரு டிரைவர் இருந்தார். உங்களுக்கு யார்?

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பீர்கள். எனக்கும் ஆகவில்லை. முதல் தடவை டயர் காப்பாற்றியது. இரண்டாவது தடவை என் இடத்தில் வேறொருவன் இருந்தான். ஒன்றும் ஆகாத வருடங்கள் நமக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. நம்மைத் தைரியசாலி ஆக்கிவிடுகின்றன, அதுதான் ஆபத்து.

வண்டி முதலாளிமார்களே, உங்களிடமும் ஒரு வருத்தம். பாடி கட்டும்போது கேபினுக்குள் விளக்கு, படம், பெயின்ட் என்று மனம் நிறையச் செலவு செய்கிறீர்கள். டூல் பெட்டியைத் திறந்தால் ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர், ஒரு கிழிந்த சாக்கு. டயர் போனால் டிரைவர் சம்பளத்தில் பிடிக்கும் கணக்கு உங்களிடம் இருக்கிறது. டிரைவரின் கை போனால் பிடிக்க என்ன கணக்கு இருக்கிறது?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நான் கேட்பது மூன்றே மூன்றுதான். ஒன்று, ஒவ்வொரு லாரியிலும் ஜாக்கியோடு இரண்டு இரும்பு ஸ்டாண்டும், ஒரு அடிப்பலகையும், இரண்டு ஜோடி டயர்க் கட்டையும் இருக்கட்டும். முதலாளி வாங்கிக் கொடுக்கட்டும், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். இரண்டு, ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ காலோ நுழைய வேண்டாம், உருண்டு போன ஒரு நட்டுக்காகக்கூட. மூன்று, "கட்டை இல்லாம நான் அடியில் போக மாட்டேண்ணா" என்று ஒரு கிளீனர் பையனோ பஞ்சர் கடைப் பையனோ சொன்னால், அவனைத் திட்டாதீர்கள். அதைச் சொல்ல, கை போன அந்தப் பையனுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். நான் கற்றுக்கொடுத்தது "பாத்துக்க" என்ற ஒரு வார்த்தைதான்.

ஆயுத பூஜை அன்று ஜாக்கியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் படையல் போடுகிறோம். இந்த வருடம் பொட்டு வைக்கும் முன் அந்தச் சாக்பீஸ் சோதனையைச் செய்துவிடுங்கள். கோடு நின்றால் பொட்டு வையுங்கள். இறங்கினால் அதைத் தனியே எடுத்து வையுங்கள், பூஜையில் வைக்க வேண்டாம். ஜாக்கிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டையும் பலகையையும் வைத்து அவற்றுக்கும் ஒரு பொட்டு வையுங்கள். நம்மைத் தாங்கப்போவது அவைதான்.

இப்படிக்கு,
சங்ககிரியிலிருந்து,
ஒரு பழைய லாரிப் பட்டறைக்காரன்